மெயிலு வரமாட்டீங்குதுங்க தம்பி

திருப்பூர் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் மாமாவின் பனியன் கம்பெனி. கீழே கட்டிங், பவர் டேபிள் தையல், செக்கிங். மாடியில் ஆபீஸ். கீழே தையல் மும்முரமாக ஓடினால் மாடியில் வைத்த டீ டம்ளருக்குள் வட்டம் வட்டமாக அலை எழும். அந்த ஆபீஸில் அக்கவுண்ட்ஸும் ஷிப்பிங் டாக்குமெண்டும் பார்க்கும் அக்கா, 2024 ஜூன் முதல் டிசம்பர் வரை எனக்கு எத்தனையோ முறை போன் போட்டார். ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பது ஒரே மாதிரிதான்:

"மெயிலு வரமாட்டீங்குதுங்க தம்பி."

இந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று கண்டுபிடிப்பதிலேயே அந்த ஆறு மாதம் போனது.

கதை ஆரம்பித்தது ஒரு கலர் தகராறில். துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் லேப் டிப் என்று சின்னச் சின்னத் துண்டுகளில் கலரைப் போட்டு, ஆர்டர் கொடுத்த பையருக்கு (வாங்குபவருக்கு) அனுப்புவார்கள். அவர் 'இது சரி' என்று மெயிலில் சொன்ன பிறகுதான் மொத்தத் துணியும் டையிங்குக்குப் போகும். ஒரு பையர், நான் ஓகே செய்தது இந்த ஷேடே இல்லை, பணத்தைக் கழித்து டெபிட் நோட் போடுவேன் என்று நின்றுவிட்டார். அவர் ஓகே சொன்ன மெயில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டரில். அந்தக் கம்ப்யூட்டரோ ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டதால் சர்வீஸுக்குப் போயிருந்தது. வெப்சைட் போட்டுக் கொடுத்தவரே மெயிலும் சேர்த்துக் கொடுத்திருந்தார். பெட்டியில் இடம் கம்மி. அதனால் பாப் (POP) என்ற முறையில் மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுவது பழக்கம். ஒன்பது வருஷ வியாபாரம் ஒரு டப்பாவுக்குள் இருந்தது.

மெயில் கடைசியில் கிடைத்துவிட்டது. ஆனால் மாமா பயந்துவிட்டார். "மாப்ளே, என்ற கம்பெனி மெயிலு என்ற கையில இருக்கோணும். என்ன பண்ணுவியோ ஏது பண்ணுவியோ."

நான் ஈரோட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களின் லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். ஒரு சனிக்கிழமை மத்தியானத்தோடு முடிகிற வேலை என்றுதான் ரயில் ஏறினேன்.

பாப் முறை 1984இல் வந்தது. எப்போதாவது ஒரு முறை இணைப்புக் கிடைக்கும், கிடைத்தபோது அள்ளிக்கொண்டு வந்துவிடு என்ற காலத்துக்கு அது சரி. ஐமேப் (IMAP) என்ற இன்னொரு முறையை மார்க் கிறிஸ்பின் 1986இல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கினார். அதில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். நீங்கள் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்து எட்டிப் பார்த்தாலும் அதே பெட்டி, அதே படித்த அடையாளம். மாமாவுக்கு வேண்டியது இதுதான். எனவே மும்பையில் ஒரு வாடகை சர்வர், அதில் டெபியன் என்ற லினக்ஸ், கடிதத்தை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைக் காக்க டவ்காட். ஆபீஸ் கம்ப்யூட்டர் பதினாலிலும் மெயில் படிக்கத் தண்டர்பேர்டு.

"அதெதுக்கு ரெண்டு சாமானம்?" என்று மாமா கேட்டார். திருப்பூர்க்காரரே இப்படிக் கேட்கலாமா? நிட்டிங் ஒருத்தர், டையிங் ஒருத்தர், காம்பாக்டிங் ஒருத்தர், பிரிண்டிங் இன்னொருத்தர் என்று ஊரே ஜாப் ஒர்க்கில்தானே ஓடுகிறது. போஸ்ட்ஃபிக்ஸும் அப்படித்தான், தன் வேலையைத் தவிர வேறெதிலும் கை வைக்காது. உள்ளே வருகிறவர் யார், பாஸ்வேர்டு சரியா என்பதைக்கூட டவ்காட்டிடம் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்ளும். டவ்காட் என்றால் புறாக்கூண்டு, ஃபின்லாந்துக்காரர் ஒருவர் 2002இல் வெளியிட்டது என்றேன். மாமா சின்ன வயதில் புறா வளர்த்தவர். சர்வர் பற்றி அவர் மனதில் நின்றது அது ஒன்றுதான், இன்றைக்கும் "புறாக்கூண்டு நல்லா ஓடுதா?" என்றுதான் விசாரிப்பார்.

இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் வழி ஒரு சாக்கெட் கோப்பு. டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் பல பாகங்கள் தங்கள் அடைப்புக்குள்ளேயே ஓடுபவை, வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கோப்பை அந்த அடைப்புக்குள்ளேயே, போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொந்தமாக வைக்க வேண்டும். நான் வெளியே வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் இதிலேயே போனது.

சாயங்காலம் முதல் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டைத் திறந்து கையாலேயே விவரம் போட்டேன். உள்ளே வரும் பக்கம் வாசல் எண் (போர்ட்) 993, நன்றாக வேலை செய்தது. வெளியே போகும் பக்கம் 465. அனுப்பு பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒரு பிழையும் இல்லை, ஒரு பதிலும் இல்லை. வெகுநேரம் கழித்து 'நேரம் முடிந்தது' என்று ஒரு பெட்டி.

இது எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு. 587ஆம் வாசலில் ஸ்டார்ட் டிஎல்எஸ் முறை: முதலில் சர்வர்தான் வாய் திறக்கும், '220' என்று சொல்லி வரவேற்கும், அப்புறம் இருவரும் பேசி மறைப்புக்குள், அதாவது வெளியாள் படிக்க முடியாத ரகசியப் பேச்சுக்குள், போவார்கள். 465இல் அப்படி இல்லை. மறைப்போடுதான் வாசலுக்கே வர வேண்டும், முதல் வார்த்தை வருகிறவருடையது. நான் வாசல் எண்ணை 465 என்று போட்டுவிட்டு, பாதுகாப்பு என்ற கட்டத்தில் ஸ்டார்ட் டிஎல்எஸ் என்று விட்டிருந்தேன். தண்டர்பேர்டு, வீட்டுக்காரர் கூப்பிடட்டும் என்று நிற்கிறது. சர்வர், வந்தவர் முதலில் பேசட்டும் என்று நிற்கிறது. நம் பக்கத்து ஒறம்பரை விருந்தில் "நீங்க மொதல்ல உக்காருங்க", "இல்லீங்க, நீங்க உக்காருங்க" என்று இலை காயக் காய நிற்பார்களே, அதேதான். யார் மீதும் தப்பு இல்லை. சாப்பாடுதான் ஆறிப்போகும்.

அந்தக் கட்டத்தில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று மாற்றியதும் அடுத்த நொடியில் மெயில் போய்விட்டது. 25ஆம் வாசல் மட்டும் கம்ப்யூட்டருக்கு வேண்டவே வேண்டாம். அது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள; வீட்டு, ஆபீஸ் இணைப்புகளில் அதைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருப்பார்கள்.

பதினாலு கம்ப்யூட்டரிலும் இப்படிக் கையால் போட்டால் ஏதாவது ஒன்றில் தப்பு நிச்சயம். தண்டர்பேர்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தவுடன், அந்த டொமைனுக்கு முன்னால் 'ஆட்டோகான்ஃபிக்' என்று சேர்த்த பெயரில் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறதா என்று தேடும். இருந்தால் வாசல் எண், பாதுகாப்பு முறை, பயனர் பெயர் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். முப்பது வரி கூட இருக்காது. அந்தக் கோப்பை எழுதி வைத்த பிறகு மீதிப் பதின்மூன்றும் சீக்கிரமே முடிந்தன. இதை முதலிலேயே செய்யாமல் விட்டதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அக்காவின் கம்ப்யூட்டரை முடிக்கும்போது தண்டர்பேர்டு ஒரு கேள்வி கேட்டது: ஃபோல்டர்களைக் காம்பாக்ட் செய்யலாமா? அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மெயிலுக்குமா காம்பாக்டிங் போடறாங்க? எத்தன ஜிஎஸ்எம்முங்க தம்பி?" ஜிஎஸ்எம் என்பது துணியின் கனத்தைச் சொல்லும் கணக்கு. துணியைக் காம்பாக்டிங் போடுவது, துவைத்த பிறகு சுருங்கக்கூடாது என்று. இங்கே கதை வேறு. தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் கோத்து வைக்கும். நாம் அழித்தால் அழித்ததாகக் குறி மட்டும் விழும், எழுத்து அங்கேயே கிடக்கும். காம்பாக்ட் செய்யும்போதுதான் அந்த வெட்டுத்துண்டை எல்லாம் அள்ளிப் போடும். "அப்ப அது கட்டிங் வேஸ்ட்டுங்க, காம்பாக்டிங் இல்ல" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரியான சொல்.

பழைய மெயில்களை, சர்வீஸிலிருந்து திரும்பிய அந்த டப்பாவிலிருந்து புது ஐமேப் பெட்டிக்குள் இழுத்துப் போட்டோம். ராத்திரி முழுக்க ஓடியது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்கு. அப்புறம் ஆகஸ்டில் போன் வந்தது. "மெயிலு வரமாட்டீங்குதுங்க தம்பி." எப்போதிலிருந்து? "காலைல நல்லாத்தானுங்க இருக்குது. பதினோரு மணி டீக்கு அப்பறந்தான்." எல்லாக் கம்ப்யூட்டரிலுமா? "இல்லீங்க. மெர்ச்சண்டைசிங் மெயிலு மட்டுந்தான். அதும் ஒருக்கா இவிகளுக்கு வருது, ஒருக்கா அவிகளுக்கு வருது."

மெர்ச்சண்டைசிங் என்றால் பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் பிரிவு. நேரம் பார்த்து வரும் கோளாறு என்றால் எனக்கு உள்ளூரப் பயம். சர்வரில் மெமரி பார்த்தேன், இடம் பார்த்தேன், எல்லாம் சரி. பாஸ்வேர்டும் சரி. அடுத்த நாள் மெர்ச்சண்டைசர் தம்பி ஒருவர் சொன்ன துப்புதான் வழி காட்டியது. போனில் மெயில் வரவில்லை, டீ குடிக்கக் கீழே போனால் மட்டும் வருகிறது என்றார். டீக்கடையில் என்ன விசேஷம்? கடைக்குப் போனால் ஆபீஸ் வைஃபை விட்டுப்போய், மொபைல் டேட்டா வந்துவிடுகிறது. அவ்வளவுதான் விசேஷம்.

சர்வர் தன் நடப்பை எழுதிவைக்கும் லாகில் 'மேக்சிமம் நம்பர் ஆஃப் கனெக்‌ஷன்ஸ்' என்று தேடினேன். வரிசையாகக் கொட்டியது. ஒரே பயனர், ஒரே ஐபி முகவரி, பத்து இணைப்புக்கு மேல் அனுமதி இல்லை.

நடந்தது இது. ஐமேப்பில் புது மெயில் வந்தவுடன் தெரிய வேண்டுமானால் கம்ப்யூட்டர் ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஓர் இணைப்பு ஒரு ஃபோல்டரைத்தான் பார்க்கும். அதனால் தண்டர்பேர்டு ஒரு கணக்குக்கு ஐந்து இணைப்பு வரை திறந்து கையில் வைத்துக்கொள்ளும். அது அதன் இயல்பான அளவு. டவ்காட்டோ, ஒரு பயனர் ஓர் ஐபியிலிருந்து பத்து இணைப்புக்கு மேல் திறக்கக் கூடாது என்று வைத்திருக்கும். அதுவும் இயல்பான அளவு. இரண்டும் நியாயமான எண்கள். ஆனால் எங்கள் ஆபீஸில் மெர்ச்சண்டைசிங் முகவரி ஒன்று, அதைத் திறப்பவர்கள் பலர், வெளியிலிருந்து பார்த்தால் அத்தனை பேருக்கும் ஒரே ஐபி. இரண்டு கம்ப்யூட்டர் இருந்தவரை ஐந்தும் ஐந்தும் பத்து, கச்சிதம். போன்கள் எப்போதாவது இடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கும், யாரும் கவனிக்கவில்லை. ஆகஸ்டில் சீசன் வேலைக்கு மூன்றாவதாக ஒரு தம்பியைச் சேர்த்தார் மாமா. அவருக்கு ஒரு கம்ப்யூட்டர், இன்னொரு ஐந்து.

அப்படியானால் காலையில் மட்டும் ஏன் நன்றாக இருந்தது? தண்டர்பேர்டு திறந்தவுடனேயே ஐந்தையும் பிடிப்பதில்லை. இன்பாக்ஸுக்கு ஒன்று, அப்புறம் ஒவ்வொரு பையரின் ஃபோல்டராக உள்ளே போகப் போக ஒன்றொன்றாகக் கூடும். பதினோரு மணிக்குள் மூவரும் எல்லாப் பையர்களையும் ஒரு சுற்றுப் பார்த்திருப்பார்கள். பத்து நிரம்பியிருக்கும். யாராவது ஒருவர் மூடினால் அந்த இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். பஸ் ஸ்டாண்டில் சீட்டுக்குத் துண்டு போடுவது மாதிரி.

கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம். இதற்கும் காரணம் லாகில் இருந்தது. ரவுட்டர் அணைந்தால் கம்ப்யூட்டர்கள் 'போய்வருகிறேன்' என்று சொல்லாமல் அறுந்துபோகும். அந்தப் பழைய இணைப்புகள் செத்துவிட்டன என்று சர்வருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மாமா நிலையான ஐபி வாங்கி வைத்திருந்ததால் ரவுட்டர் திரும்பியதும் அதே முகவரி. ஆக, செத்த பத்தும் உயிருள்ளவர்களை உள்ளே விடாது.

டவ்காட் அமைப்பில் அந்த எண்ணை 50 ஆக்கினேன். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்பு, சர்வர் அமைப்பு, 'மேம்பட்டவை' என்று உள்ளே போய் ஐந்தை மூன்றாகக் குறைத்தேன். இரண்டு நாள் தேடியதற்கு இரண்டு எண்கள். மாமாவிடம் விளக்கியபோது, "அப்ப அந்தப் புதுப் பையன எடுத்ததுதான் தப்பாட்டம் இருக்குது" என்றார். பையன் முகத்தில் ரத்தம் இல்லை. மாமா கிண்டல் செய்கிறார் என்று அவருக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, போன் பண்ணாமலே பிரச்சினை தெரிந்தது. என் போனிலேயே அந்தப் பெட்டி வந்தது. இது நிஜமான சர்வர்தான் என்று காட்டும் சான்றிதழ் காலாவதி. அந்தச் சான்றிதழை வழங்கும் அமைப்பு லெட்ஸ் என்க்ரிப்ட்; அது அப்போது கொடுத்ததற்கு ஆயுள் 90 நாள். அதைப் புதுப்பிக்கும் செர்ட்பாட், முப்பது நாள் மிச்சம் இருக்கும்போதே தானாகப் புதுப்பித்து வைத்துவிடும். வைத்திருந்தது! புதுச் சான்றிதழ் கோப்பில் பத்திரமாக இருந்தது. ஆனால் டவ்காட் ஆரம்பித்த அன்று படித்ததையே மனப்பாடமாக வைத்திருந்தது. மாற்றம் நடந்தது என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை; சொல்லும்படி செர்ட்பாட்டிடம் ஒரு வரி எழுதி வைத்திருக்க வேண்டியது நான். என் கை வேலை, என் தப்பு.

எழுதிச் சேர்த்து, சேவையை மீண்டும் ஏற்றினேன். ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் 993ஐத் தட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் புதுத் தேதி ஓடியது, அடியில் நட்சத்திரக் குறியோடு 'ஓகே', 'டவ்காட் ரெடி'. ஆனால் உண்மையான சேதம் வேறு இடத்தில் நடந்திருந்தது. நான் சரிசெய்வதற்குள் ஒன்பது பேர் அந்த எச்சரிக்கைப் பெட்டியில் 'விதிவிலக்கை உறுதிசெய்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தார்கள். நாளைக்கு நிஜமாகவே ஒருவன் நடுவில் நின்றுகொண்டு போலிச் சான்றிதழை நீட்டினாலும் இதே பொத்தானைத்தான் அழுத்துவார்கள். பழக்கிவிட்டது நான். ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து அந்த விதிவிலக்குகளை அழிக்க ஒரு முழு நாள் ஆனது. தீபாவளி போனஸ் கணக்குப் போடும் நேரத்தில் அக்காவை நாற்காலியை விட்டு எழுப்பியதற்கு நான் வாங்கிய பேச்சு தனி.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை 'மெயில் வரவில்லை' என்றால் 'அனுப்பிய மெயிலைக் காணோம்' என்று அர்த்தம்: போனில் அனுப்பியவை ஒரு ஃபோல்டரிலும், தண்டர்பேர்டில் அனுப்பியவை வேறொரு பெயருள்ள ஃபோல்டரிலும் போய் விழுந்திருந்தன. அனுப்பியவைக்கு இதுதான் ஃபோல்டர் என்று டவ்காட்டிலேயே அடையாளம் குத்திவைத்து, போன்களையும் அதற்கே திருப்பினேன். கலர் தகராறை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு தடவை 'எட்டரை எம்பி ஃபைல் போக மாட்டேங்குது, லிமிட்டு பத்துன்னு சொன்னீங்க'. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான உச்சவரம்பு 10240000 பைட். ஆனால் இணைப்புக் கோப்பு மெயிலுக்குள் அப்படியே போவதில்லை. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றித்தான் போகும். உடுப்பின் அளவும் டிசைனும் அடங்கிய டெக் பேக் ஃபைல் எட்டரை எம்பி என்றால், வழியில் பதினொன்றைத் தாண்டிவிடும். துணி எடையும் அட்டைப் பெட்டியோடு சேர்த்த எடையும் வேறு என்று டெஸ்பாட்சில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை, உடனே பிடித்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 26. வியாழக்கிழமை. நான் பெருந்துறையில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். பாயசம் ஊற்றும் நேரம் பார்த்து போன்.

"மெயிலு வரமாட்டீங்குதுங்க தம்பி. காலைல இருந்து ஒண்ணே ஒண்ணு கூட இல்லீங்க."

கை கழுவிவிட்டு மண்டபத்து வாசலில் நின்று, போனிலேயே சர்வருக்குள் போனேன். புறாக்கூண்டு ஓடுகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது. சான்றிதழுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இணைப்புகள் பதினேழு. என் வெளி முகவரியிலிருந்து ஒரு மெயில் போட்டேன், ஐந்து நொடியில் பெட்டியில் விழுந்தது. லாகை மேலிருந்து கீழே தள்ளினேன். எங்கிருந்தோ முகம் தெரியாதவர்கள் 'அட்மின்', 'இன்ஃபோ', 'டெஸ்ட்' என்று பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துத் தோற்றுப்போன வரிகள்தான் வரிசையாக இருந்தன. வேறொன்றும் இல்லை. உள்ளூர் டையிங், பிரிண்டிங்காரர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் பேசுவார்கள். மெயில் போடுகிறவர்கள் வெளிநாட்டுப் பையர்கள் மட்டும்.

"அக்கா, மெயிலு நெசமாலுமே வரலைங்க."

"அதத்தானுங்க தம்பி நானும் சொல்றன்."

"இல்லீங்க அக்கா, யாரும் அனுப்பவே இல்லைங்க. கிறிஸ்துமஸ் லீவு. இனி ஜனவரி ரெண்டாந்தேதிதான் ஆபீஸ் வருவாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கீழே பவர் டேபிள் ஓடுவது மட்டும் கேட்டது.

"அப்பிடீங்களா. செரிங்க, அப்ப இன்னிக்கு நான் பொழுதோட கெளம்பிக்கறனுங்க."